குளவிக்கு அரைப்பேர்

பொலிஸ் நிலையத்தில் ஜீவராணி முதலில் சொன்னது இரண்டே இரண்டு சொற்கள்தான். இரண்டும் உண்மை.

“குளவி கொத்திருச்சு சேர்.”

எதிரே உட்கார்ந்திருந்த சார்ஜன்ட் விஜேபாலவுக்குத் தமிழ் தெரியும் என்பது அந்த நிலையத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதி. தமிழில் வருகிற வாக்குமூலமெல்லாம் அவருடைய மேசைக்கே வரும். அவர் தமிழ் படித்தது டிக்கோயா பாதையில் இருக்கும் லாபிர் நானாவின் சாப்பாட்டுக் கடையில். பிளேன்டீ, காரம், நாளைக்கு, கொஞ்சம், கொத்து. இதில் கடைசிச் சொல்லின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். லாபிர் நானாவின் மகன் றம்ஸான் இரண்டு கையிலும் தகட்டைப் பிடித்துக்கொண்டு, கல்லில் கிடக்கும் ரொட்டியைத் தாளம் போட்டுத் துண்டு துண்டாக்குகிறானே, அதுதான் கொத்து. ஆகவே குளவி என்று ஒருவன் தோட்டத்துத் துரையை அப்படிச் செய்திருக்கிறான் என்று விளங்கிக்கொண்டார்.

“கவுத குளவி?” என்று சிங்களத்தில் கேட்டார். யார் இந்தக் குளவி?

எந்தக் குளவி என்று கேட்கிறாராக்கும் என்று ஜீவராணி நினைத்துக்கொண்டாள். சந்தேகம் வராதபடி விளக்கமாகவே பதில் சொன்னாள். எங்கள் தோட்டத்துக் குளவிதான், பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே ரெண்டு வருசத்துக்கும் மேலாக இருக்கிறது, தனியாக இல்லை, பெரிய கூட்டம், சும்மா யார் வம்புக்கும் போகாது, சத்தம் போட்டால்தான் கோபம் வரும். ஒவ்வொன்றுக்கும் சார்ஜன்ட் “ஹரி, ஹரி”, சரி சரி, என்று தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொன்ன ஒருத்தியை அவர் பார்த்ததில்லை. ஜீவராணி கையெழுத்துப் போட்டுவிட்டு, இனிச் சுதாகரனை விட்டுவிடுவார்கள் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினாள்.

சுதாகரன் அவள் புருஷன். அவன் உள்ளே போனது ஒரு நல்ல காரியம் செய்ததால்.

வெள்ளைப்பாலம் தோட்டத்தில் அப்போது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. மலையில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். கம்பனி அந்த அளவைக் கூட்டிவிட்டது. கையில் றெக்கை முளைத்தால்தான் இனி முழுப்பேர் என்று ஆனது. ஆகவே ஒரு நாள் விடியற்காலை, பேர் பதிகிற பெரட்டுக்கு வந்து வரிசையாக நின்றவர்கள் பேரும் கொடுக்கவில்லை, மலைக்கும் போகவில்லை. களத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் களத்தின் ஓரத்தில் ஒரு டர்பன்டைன் மரம். அதன் உச்சியில் சாக்கு மூட்டை கணக்கில் ஒரு குளவிக்கூடு. அதை அகற்றித் தரும்படி தோட்டத்து ஆட்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனார்கள். ரெண்டு வருசத்துக்கு முன் மீனம்மா என்ற பொம்பிளை அதே மரத்துக்குக் கீழே கொத்து வாங்கிச் செத்தாள். ஜீவராணிக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவள்; வெற்றிலையைப் பாதியாகக் கிழித்து இவளுக்கும் கொடுப்பவள். மத்தியானத்துக்கு முன்னமே உயிர் போய்விட்டதால் அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர் போட்டார்கள். மரத்தை வெட்ட அனுமதி வரவேண்டும் என்றார்கள். எங்கிருந்து வரவேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

பேச்சுவார்த்தை நடத்தத் தோட்டத்து மனேஜரான பெரியதுரை நேரில் வந்தார். வெயிலாக இருந்ததால் மரத்தடியில் நின்றுகொண்டார். கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியின் சுவிட்சைத் தட்டியதும் அது காது கிழிய வீறிட்டது. அடுத்த நொடி களத்தில் இருந்த அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிட்டார்கள். குளவி கலைந்தால் ஓடக் கூடாது, முகத்தை மறைத்துப் படுத்துவிட வேண்டும் என்பது தோட்டத்தில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். துரைக்குத் தெரியாது. எல்லோரும் தமக்குப் பணிந்துவிட்டார்கள் என்றெண்ணி அவர் பேச்சைத் தொடங்கினார். சுதாகரனுக்கு மனம் கேட்கவில்லை. ஜீவராணியின் இடுப்பில் இருந்த படங்கை, கொழுந்து எடுக்கும்போது பனி நனைக்காமல் சுற்றிக்கொள்கிற தார்ப்பாய்த் துண்டை, உருவிக்கொண்டு ஓடினான். துரையின் தலையோடு அதைப் போர்த்தி, கீழே தள்ளி, தானும் மேலே விழுந்து மூடிக்கொண்டான்.

ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கிளாக்கர் பார்த்தது இதுதான்: ஒருவன் துரையின் தலையில் எதையோ போட்டு மூடி, தரையில் சாய்த்து, மேலே ஏறிக்கொண்டான். அப்படியே பொலிசுக்குச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

ஜீவராணி வாக்குமூலம் கொடுத்த மறுநாள் தோட்டத்துக்கு ஜீப் வந்தது. குளவியின் வீடு எது என்று கேட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மரத்தைக் காட்டிச் சிரித்தார்கள். பொலிஸ்காரர்களும் சிரித்துவிட்டு, ஆளை ஒளித்துவைத்துக்கொண்டு பகிடியும் பண்ணுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். துரை கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முகம் பலாப்பழமாக வீங்கிக் கிடந்தார். பேச முடிந்ததும் கொழும்புத் தலைமை ஆபீசுக்கு அவரும் தாக்கியது ஓர் ஆள் என்றே சொன்னார். குளவி என்று ஒப்புக்கொண்டால் மரத்தை ஏன் வெட்டவில்லை என்று கேட்பார்கள். ஆள் என்றால் அந்தக் கேள்வி வராது.

பொலிசுக்குப் போய் விளக்கிச் சொல்லும்படி ஜீவராணி தோட்டத் தலைவர் ஜெயகாந்தனைத் தேடிப் போனாள். தோட்டத்தில் மூன்று சங்கம். இவர் பெரிய சங்கத்தின் தலைவர். வழக்கம்போல் செல்லசாமி சிலையடியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லசாமி முந்தைய தலைமுறையில் நடந்த ஒரு வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டுச் செத்தவர். கையில் கொடியோடு நிற்பார். உண்மையில் அன்றைக்கு அவர் கையில் இருந்தது வாளி. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவர் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். வாளியைச் சிமெந்தில் செய்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று கொடியாக்கிவிட்டார்கள். மூன்று சங்கமும் வருசத்தில் மூன்று வேறு நாளில் அவருக்கு மாலை போடும். மூன்றுக்கும் அவர் அங்கத்தவர்.

ஜெயகாந்தன் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு போனை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஜீவராணி, நான் சொல்றத நல்லா யோசிச்சுப் பாரு. குளவின்னா கம்பனிக்கு ஒரு டின் மருந்து போதும். ஆளுன்னா நம்மகிட்ட பேச வந்துதான் ஆவணும்.”

“அப்ப என் வீட்டுக்காரரு?”

“அவரு யாரு இப்ப? குளவியோட வலது கை. அத நீ கொறச்சு நெனைக்காத.”

அந்த வாரமே ஹட்டன் பஸ் நிலையம் வரைக்கும் சுவரொட்டி ஒட்டப்பட்டது. ‘தோழர் குளவி மீது கை வைக்காதே!’ முகம் இல்லாத படம், சுற்றிலும் சிவப்பு. மூன்றாம் நாள் இரண்டாவது சங்கம் தன் சுவரொட்டியை ஒட்டியது. தோழர் குளவி தங்களுக்குத்தான் சந்தா கட்டினார் என்றது. மூன்றாவது சங்கம் அவர் ரெண்டையும் வெறுத்துத் தங்களிடம் வந்து சேர்ந்தவர் என்றது. குளவி யாருடைய ஆள் என்ற வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கோயிலடியில் ரெண்டு பேருக்குப் பல் போயிற்று, ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கிற்று. அந்த வேலைநிறுத்தத்தில் மனுசன் மனுசனை அடித்தது அதுதான் முதல் தடவை.

குளவியைப் பார்த்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். ராகலை பஸ்ஸில் பின் சீட்டில் தொப்பியைச் சரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நானுஓயா ஸ்டேசனில் ஒரு கிழவிக்கு மூட்டை தூக்கிக் கொடுத்தாராம். ஆள் மெலிவாம், நடையில் ஒரு வேகமாம்.

கம்பனிக்கு வேறொரு சங்கடம். குளவியை வேலையிலிருந்து இடைநிறுத்த வேண்டும். ஆனால் வேலையில் இல்லாதவனை எப்படி இடைநிறுத்துவது? ஆகவே முதலில் அவனைப் பேர் பதிந்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, அதே நாளில் இடைநிறுத்தினார்கள். விசாரணை முடியும்வரை அரைப்பேர் கொடுக்கவேண்டும் என்பது ஒழுங்கு. வேலைநிறுத்தம் நடந்தாலும் கணக்கப்பிள்ளை காலையில் களத்துக்கு வந்து பேர் வாசிப்பார். ஒருவரும் குரல் கொடுக்கமாட்டார்கள். கடைசியில் “குளவி” என்பார். மேலே மரத்தில் முணுமுணுவென்று ஓர் இரைச்சல் கேட்கும். அரைப்பேர் என்று குறித்துக்கொண்டு போவார். முழுத் தோட்டத்திலும் அந்த நாட்களில் சம்பளம் விழுந்தது ஓர் ஆளுக்குத்தான்.

ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி முயற்சியாக லாபிர் நானாவிடம் போனாள். சிங்களமும் தமிழும் ஒரே நாக்கில் பேசுகிறவர் அவர்தான். சார்ஜன்ட் சாப்பிட வரும் நேரம் பார்த்து அவளைக் கடைக்குள்ளேயே உட்காரவைத்தார். சார்ஜன்ட் வந்து கொத்து சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் லாபிர் நானா மெதுவாகப் பேச்செடுத்தார். ‘மாத்தயா, ஒரு சின்னப் பிழை நடந்திருக்கிறது, குளவி என்றால் சிங்களத்தில் தெபறா’ என்றார்.

சார்ஜன்ட் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறிவிட்டது. தெபறா என்ற பட்டப்பெயரில் கொழும்புப் பக்கம் ஒரு பேர்போன ஆள் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அவனா இவன்?

லாபிர் நானாவுக்கு வியர்த்துவிட்டது. ரெண்டு கையையும் சிறகாக அடித்துக் காட்டினார். வாயால் ஊங் என்று இரைந்தார். பறக்கும், மாத்தயா, பறக்கும். அது சரிதான் என்றார் சார்ஜன்ட். இவ்வளவு தேடியும் அகப்படாதவன் பறக்கத்தான் செய்வான். றம்ஸான் தகட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் சார்ஜன்ட் ஜீவராணியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பாதி சிங்களம், பாதி கடைத்தமிழ். அவர் சொன்னதன் சாரம் இது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் விசாரித்ததில் ரெண்டு வருசத்துக்கு முன்னும் குளவி கொத்தி ஒரு பெண் செத்ததாகத் தெரியவந்திருக்கிறது. பெயர் மீனம்மா. ஆகவே இது அடிதடி வழக்கு இல்லை, கொலை வழக்கு. குளவியின் கூட்டாளி என்ற வகையில் சுதாகரனும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வழக்கின் அடுத்த தவணைக்கு முன் அவள் குளவியை அடையாளம் காட்டினால், சுதாகரன் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அப்பாவி என்று கோர்ட்டில் சொல்ல அவர் தயார்.

அவள் எழுந்து போகும்போது லாபிர் நானா தலையில் அடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்க தங்கச்சி. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அவன் சும்மா குளவியாவே இருந்திருப்பான்.”

கொலைச் செய்தி தோட்டத்துக்கு வந்ததும் சங்கங்கள் முதல் தடவையாக ஒற்றுமைப்பட்டன. தோழர் குளவி ஒரு தொழிலாளிப் பெண்ணைக் கொல்வாரா? இது கம்பனியின் அவதூறு. மீனம்மா நெஞ்சுவலியில் செத்தவள் என்று மூன்று சங்கமும் சேர்ந்து அறிக்கை விட்டன. குளவி கொத்திச் செத்தாள் என்று இனி யாரும் வாய் தவறியும் சொல்லக் கூடாது என்று கட்டளையாயிற்று. அதற்குப் பிறகு லயத்தடியில் குளவியைக் கண்டால் பெண்கள் “அந்தா, அது” என்று மட்டும் சொன்னார்கள். ஜீவராணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. மீனம்மாவின் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு லொறியில் போனவள் அவள். அந்தக் கையில் இருந்த கொடுக்குகளைத் தன் நகத்தால் பிடுங்கினவள்.

மறியல் சிறைக்குப் போய்ச் சுதாகரனைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். உள்ளே தன்னை மரியாதையாக நடத்துகிறார்கள் என்றான். குளவியின் ஆள் என்று படுக்க நல்ல இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்களாம். குளவி எப்படி இருப்பார் என்று விசாரிக்கிறார்களாம். இடுப்பு சிறுசு, கோபம் பெருசு என்று சொல்லிவைத்திருக்கிறானாம். அவள் அவன் காதைப் பார்த்தாள். இடது காது கறுத்துத் தடித்திருந்தது.

“இன்னும் வத்தலையா?”

“குளவி கொத்துனதெல்லாம் அப்பயே வத்திருச்சு. இது வேற.”

அது பொலிசின் கை என்று அவளுக்கு விளங்கிற்று. நேரம் முடிந்தது என்று காவலாளி வந்தபோதுதான் அவன் கம்பியை நெருங்கி வந்தான். பகிடியெல்லாம் முகத்திலிருந்து போய்விட்டது.

“ஜீவா, யாரையாச்சும் காட்டிரேன்.” சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான்.

யாரையாவது காட்டுவதில் சிரமமும் இல்லை. ஆள் தானாகவே தேடி வந்தான். கடைசி லயத்து லோஜன், கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு வருசமாகச் சும்மா இருக்கிற இளந்தாரி. முடியைப் பின்னால் வாரி, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, என்னக் காட்டுங்க.”

“கொலக் கேஸ்டா அது.”

“தலைவர் ஒரு வாரத்துல எடுத்துருவேன்னாரு. வெளிய வந்தா ஹட்டன்லருந்து ஊர்வலம். நான் பொறந்ததுலருந்து எனக்கு ஒரு மால விழுந்ததில்லக்கா.”

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். ஆள் மெலிவுதான். இடுப்பும் சிறுசுதான். அன்றைக்கு அவள் அவனுக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பினாள். மறுநாள் பொலிசுக்குப் போன் பண்ணி, காட்டுகிறேன் என்றாள்.

அடையாள அணிவகுப்பைப் பெரட்டுக் களத்திலேயே வைத்தார்கள். பரேட் என்றாலும் பெரட்டு என்றாலும் ஒன்றுதானே என்று சார்ஜன்டுக்குத் தோன்றியிருக்கும். தோட்டத்து ஆண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பெண்கள் பீலிப் பக்கம் கூடியிருந்தார்கள். துரையும் வந்திருந்தார், வீக்கம் வடிந்த முகத்தில் கறுப்புக் கண்ணாடி. வந்த இடத்தில் மரத்தின் நிழலைத் தேடி நின்றுகொண்டார். மூன்று தலைவர்களின் கையிலும் ஆளுக்கொரு மாலை. அவள் விரல் நிற்கிற இடத்தில் முதலில் யார் மாலை விழுவது என்று அவர்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லோஜன் நடு வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அவனுடைய அம்மா நாகலெட்சுமி பெண்கள் கூட்டத்தில் நின்று மகனைப் பார்த்துச் சிரித்தாள். மகனுக்குத் தோட்டத்தில் ஏதோ உத்தியோகம் கிடைக்கப் போகிறது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

ஜீவராணி முதல் வரிசையைக் கடந்தாள். ரெண்டாவதைக் கடந்தாள். லோஜனுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. கையைத் தூக்கினால் போதும். சுதாகரன் வீட்டுக்கு வந்துவிடுவான். கறுத்துத் தடித்த அந்தக் காது அவள் கண்ணுக்குள் நின்றது. லோஜனுடைய காதுகளைப் பார்த்தாள். ரெண்டும் சின்னதாக, சிவந்து, வெயில் பட்டால் ஒளி ஊடுருவுகிற காதுகள். யாரும் இன்னும் தொடாதவை.

அவள் கையைத் தூக்கினாள். விரல் லோஜனின் தலைக்கு மேலே போயிற்று. இன்னும் மேலே போயிற்று. டர்பன்டைன் மரத்தின் உச்சியில் போய் நின்றது.

“அதான் சேர் குளவி. இந்தத் தோட்டத்துல வேற குளவி இல்ல. மீனம்மாக்காவையும் அதான் கொத்துச்சு.”

களமே அண்ணாந்து பார்த்தது. சார்ஜன்ட் விஜேபாலவும் பார்த்தார். கிளைகளுக்கு நடுவே கறுப்பாக, பெரிதாக ஏதோ ஒன்று பதுங்கியிருப்பது அவருக்கும் தெரிந்தது. இத்தனை நாளாக மரத்தின் மேலேயா? அவர் முகத்தில் வெற்றி பரவிற்று. கீழே வரச் சொல் என்று ஜெயகாந்தனைப் பார்த்துக் கட்டளையிட்டார். ஜெயகாந்தன் மாலையைக் கையில் பிடித்தபடி ஓசைப்படாமல் ஓரடி பின்வாங்கினார். சார்ஜன்ட் ஜீப்பிலிருந்து ஒலிபெருக்கியை எடுத்துவரச் செய்தார். ‘வேண்டாம் மாத்தயா’ என்று ஜீவராணி தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னாள். தமிழிலும் சொன்னாள். அவர் கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டினார். அது வீறிட்டது.

“குளவி! கீழ வா!”

குளவி வந்தது.

சட்டத்துக்கு இவ்வளவு சீக்கிரம் பணிந்த ஆளை அந்த நிலையத்து வரலாறு கண்டிருக்காது. வரிசையில் நின்றவர்கள் ஒரே அசைவில் படுத்துவிட்டார்கள். பெண்களும் முக்காட்டை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். தலைவர்கள் மூன்று பேரும் மாலைக்கடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். துரை இந்தத் தடவை யாரும் சொல்லாமலே படுத்தார், படித்த மனிதர். பொலிஸ்காரர்கள்தான் ஓடினார்கள். ஓடுகிறவனைத்தான் குளவி துரத்தும். சார்ஜன்ட் ஒலிபெருக்கியை விடாமல் பிடித்துக்கொண்டே தேயிலைச் சரிவில் இறங்கி ஓடினார். அவர் அலறியது அக்கரைத் தோட்டம் வரைக்கும் துல்லியமாகக் கேட்டதாம்.

ரெண்டு நாள் கழித்து ஜீவராணி டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு போத்தல் இளநீரோடு போனாள். சார்ஜன்ட் கட்டிலில் கிடந்தார். கண் ரெண்டும் கோடாக இருந்தது. உதடு தடித்துப்போய் அவர் பேசிய சிங்களம் தமிழைப் போலவும் தமிழ் சிங்களத்தைப் போலவும் இருந்தது.

“தங்கச்சி, இப்ப வெளங்குது” என்றார். “குளவி. கொத்து.”

அறிக்கையை எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்று அவள் கேட்டாள். குளவி தன் கூட்டாளிகள் சில நூறு பேரோடு வந்து பொலிசைத் தாக்கிவிட்டுத் தப்பிவிட்டான் என்று எழுதியிருக்கிறார். வேறு எப்படி எழுதுவது? ஒலிபெருக்கியில் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், வந்து கொத்தியது என்று எழுதினால் இந்த உத்தியோகத்தில் இருக்க முடியுமா? தாக்குதல் நடந்தபோது சுதாகரன் மறியலில் இருந்திருக்கிறான். ஆகவே அவனுக்கும் குளவிக்கும் சம்பந்தம் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அவனை விடச் சொல்லியாயிற்று. மீனம்மாவுடையது நெஞ்சுவலி என்று சங்கங்களே சொல்வதால் அந்த வழக்கையும் மூடியாயிற்று. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: அன்றைக்கு மரத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றி இனி அவள் பொலிசில் வாய் திறக்கக் கூடாது. ஜீவராணி இளநீர்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுத் தலையாட்டினாள். பொலிசில்தானே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

சுதாகரன் வந்தான். படங்கும் அவனோடு வந்தது; சாட்சிப் பொருள் என்று பொலிஸ் கட்டிய துண்டு அட்டை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைநிறுத்தமும் முடிந்தது. குளவிக்குப் பயந்து கம்பனி கொழுந்தின் அளவைப் பழையபடி குறைத்தது. அதோடு தோழர் குளவியை மீண்டும் வேலைக்குச் சேர்த்து முழுப்பேர் போடவும் ஒத்துக்கொண்டது. சங்கங்கள் இன்னொரு நிபந்தனையும் போட்டன: அந்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. செல்லசாமிக்குப் பக்கத்தில் குளவிக்கும் ஒரு சிலை வைப்பதென்று தீர்மானமாயிற்று. சிலை செய்கிறவர் முகம் கேட்டார். லோஜனைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்கள்.

வேலை தொடங்கிய முதல் நாள் பெரட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். மரத்துக்குக் கீழே என்பதால் குரலை அடக்கியே பேசிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையும் ஒவ்வொரு பேரையும் கிசுகிசுவென்று வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்து கடைசியில், “குளவி” என்றார். மேலே முணுமுணு என்றது.

“முழுப்பேர்” என்று குறித்துக்கொண்டார்.

ஜீவராணி படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அப்ப மீனம்மாக்காவுக்கும் மிச்ச அரைப்பேரப் போட்டுருங்க ஐயா.”

கணக்கப்பிள்ளை வாயில் விரலை வைத்து மேலே காட்டினார். பிறகு அவரும் கிசுகிசுத்தார்.

“என்னம்மா இது? செத்துப்போன ஆளுக்கு எப்படிப் பேர் போடுறது?”

“இல்லாத ஆளுக்குப் போடுறீங்கள்ல.”

அவர் ஜெயகாந்தனைப் பார்த்தார். ஜெயகாந்தன் செல்லசாமியின் கொடியைப் பார்த்தார். மலைக்குப் போங்க என்று கணக்கப்பிள்ளை கையைக் காட்டினார். ஜீவராணி நகரவில்லை. பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி, மகனுடைய சிலையைப் பற்றி இன்னும் ஒன்றும் விளங்காதவள், கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் வைத்தாள். அதற்குப் பின்னால் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின, முட்டையை இறக்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல். சுதாகரன் ஆண்கள் வரிசையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

தகவல் போய்த் துரை வந்தார். இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நடந்துவந்து, மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஜீவராணிக்கு முன்னால் குந்திக்கொண்டார். என்ன பிரச்சினை என்று காதோடு கேட்டார்.

அவளும் அவர் காதோடு சொன்னாள். முதலிலிருந்து சொன்னாள். மீனம்மா வெற்றிலையைக் கிழிக்கிறதிலிருந்து. அந்தச் சொல்லையும் அவள் விடவில்லை. குளவி, குளவி என்று தெளிவாகச் சொன்னாள். மேலே இரைச்சல் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. எழுந்து ஓடக் கூடாது என்று துரைக்கு இப்போது தெரிந்திருந்தது. ஆகவே அவர் அசையாமல் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.